தீர்க்கதரிசன வொய்ஸ் போடுறாக்களுக்கு

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ரெண்டு மூண்டு நாளா குழுவில தங்களுக்கு வந்த தீர்க்கதரிசனம் எண்டு வொய்ஸ் போடுறீங்க, பிழையெண்டு சொல்லல்ல, ஆனா ஒண்டு சொல்லத்தான் வேணும்.

போன வருசம் கல்லடியில ஒரு ஜெபக் கூட்டத்தில ஒருத்தர் என்ட தலையில கைய வெச்சு மூண்டு மாசத்தில வெளிநாட்டுக் கதவு திறக்குது எண்டார், நானும் நம்பி மனிசிட சங்கிலிய அடகு வெச்சு ஏஜென்சிக்குக் கட்டி, மறுகா கதவும் இல்ல சங்கிலியும் இல்ல. அடகுத் துண்டு இன்னும் பைபிளுக்குள்ளதான் கிடக்கு. பிழை எனக்கும்தான், பாஸ்டரிட்ட ஒரு சொல்லுக்கூடக் கேக்கல்ல.

1 தெசலோனிக்கேயர் 5:20, 21 பாருங்க, தீர்க்கதரிசனத்த அற்பமா எண்ண வேணாமெண்டு சொன்ன கையோட எல்லாத்தையும் சோதிச்சுப் பாக்கவும் சொல்லியிருக்கு. அப்போஸ்தலர் 21ல அகபு எண்ட தீர்க்கதரிசி பவுலிட கச்சைய எடுத்து தன்ட கையையும் காலையும் கட்டிக்காட்டி எருசலேமில இப்பிடி நடக்கும் எண்டவர், அவ்வளவுதான், போ எண்டும் இல்ல போகாத எண்டும் இல்ல, கூட இருந்தாக்கள்தான் போக வேணாமெண்டு கெஞ்சினது, பவுல் போனவர்தான். நம்மட ஆக்களெண்டா கலியாணம் காணி விசா எல்லாத்துக்கும் திகதியே குடுப்பாங்க. காணிக்கைக் கவரும் கூட வந்தா இன்னும் கவனம்.

இந்த வெள்ளி ஜெபத்தில 1 இராஜாக்கள் 13 வாசிக்கிறம், கிழட்டுத் தீர்க்கதரிசி தேவதூதன் சொன்னதெண்டு பொய் சொல்லி இன்னொரு தேவ மனுசன ஏமாத்தின கதை. அதுவரைக்கும் வொய்ஸ இஞ்ச போடாம பாஸ்டருக்குத் தனியா அனுப்புங்க. பைபிள் கொண்டாங்க, போன்ல இரிக்கிற பைபிளும் காணும்.