ஊரணித் திருப்பணி நிறைவு அறிக்கை

தலைக்கட்டுதாரர்களுக்கும், வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் நம் ஊர் மக்களுக்கும், வாழ்க்கைப்பட்டுப் போன ஊர்ப் பெண்களுக்கும் திருப்பணிக் குழுவின் வணக்கம்.

அய்யனார் கோயில் ஊரணியைத் தூர்வாரி, படித்துறையைச் சீர்செய்து, ஊருக்குக் குடிதண்ணீர் தரும் மணல் வடிகட்டி கட்டும் வேலை ஆனியில் தொடங்கிப் புரட்டாசியில் முடிந்தது. ஐப்பசி மழையில் ஊரணி நிரம்பியது. கார்த்திகைக் கடைசியில் குழாயைத் திறந்துவிட்டோம். தலைக்கட்டு வரி, நன்கொடை, செலவு எல்லாம் தனித்தாளில் ரசீது எண்ணோடு இருக்கின்றன. கோயில் மண்டபத்திலும் ஒட்டியிருக்கிறோம். இந்த அறிக்கையில் என்ன செய்தோம், ஏன் அப்படிச் செய்தோம் என்பதை மட்டும் சொல்கிறோம். வெளியூர் உறுப்பினர் பலர் கேட்ட கேள்விகளுக்கும் இதில் பதில் இருக்கிறது.

முதலில் தூர்வாரியது. கரையைச் சுற்றி மண்டியிருந்த சீமைக்கருவேலத்தை வேரோடு எடுத்தோம். உள்ளே படிந்திருந்த வண்டலை உரிய அனுமதி பெற்று அள்ளி, கேட்டவர்களின் வயலுக்குக் கரம்பையாகக் கொடுத்தோம். பொக்லைன் வந்திருக்கும்போதே இன்னும் ஆறடி தோண்டினால் கூடுதல் தண்ணீர் நிற்குமே என்று பலர் சொன்னார்கள். ஆசை நியாயமானதுதான். ஆனால் நம் ராமநாதபுரம் சீமையில் ஊரணியைக் காப்பதே அடியில் இருக்கும் களிமண் படுகை. அதை உடைத்துவிட்டால் நல்ல தண்ணீர் கீழே இறங்கும், நிலத்தடி உப்புத் தண்ணீர் மேலே ஊறும். அதனால் வண்டல் முடிந்து களிமண் தெரிந்த இடத்தில் வேலையை நிறுத்தச் சொன்னோம்.

ஊரணிக்கு மழைத் தண்ணீரைக் கொண்டுவரும் வரத்துக்காலைச் சுத்தம் செய்து, ஊரணிக்குள் தண்ணீர் விழும் இடத்துக்கு முன்னால் ஒரு வண்டல் குழியும் பலகை மடையும் கட்டியிருக்கிறோம். முதல் மழைத் தண்ணீர் ஊர் அழுக்கையெல்லாம் அடித்துக்கொண்டு வரும். அதை உள்ளே விடாமல் பக்கத்துக் கண்மாய்க்குத் திருப்பிவிட்டு, அதன்பிறகே மடையைத் திறக்க வேண்டும்.

படித்துறைக் கல்லைப் பெயர்த்து அடுக்கியபோது சிமெண்ட் வேண்டாம் என்று கொத்தனாரே சொன்னார். பழைய செங்கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே சிமெண்டைப் பூசினால் அது இறுகிப்போய், ஈரத்தை உள்ளேயே அடைத்து, கல்லோடு சேர்ந்து அசையாமல் வெடித்துவிடும். சுண்ணாம்பைத் தாளித்து ஊறப்போட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் சேர்த்து அரைத்த கலவையில் கட்டியிருக்கிறோம். கூலி கூடியது உண்மை. நம் ஊர்க் கைக்குத் தெரிந்த வேலை ஊரிலேயே தங்கியது என்பதில் குழுவுக்கு மிகுந்த மகிழ்ச்சி.

இனி வடிகட்டிக்கு வருவோம். “ஆர்.ஓ. இயந்திரம் வாங்கிப் போட்டால் ஒரே வாரத்தில் முடிந்திருக்குமே?” என்று கேட்டீர்கள். ஆர்.ஓ.வின் முக்கியமான வேலை உப்பை எடுப்பது. நம் ஊரணியில் இருப்பது மழைத் தண்ணீர். அதில் உப்பு இல்லை. அதில் இருப்பது கலங்கலும் கிருமியும்தான். இல்லாத உப்பை எடுப்பதற்காக, உள்ளே வாங்கும் தண்ணீரில் கணிசமான பங்கைக் கழிவாக வெளியே தள்ளும் இயந்திரத்தைக் கோடையில் வற்றும் ஊரணியில் வைக்க எங்களுக்கு மனம் வரவில்லை. அப்புறம், அதன் சவ்வு அடைத்துக்கொண்டாலோ மின்சுற்று கெட்டாலோ டவுனிலிருந்து ஆள் வரும்வரை நம் பெண்கள் தள்ளுவண்டியில் குடத்தை அடுக்கிக்கொண்டு பக்கத்து ஊருக்கு நடக்க வேண்டும். அந்த நடையை நிறுத்தத்தான் இந்தத் திருப்பணியே.

மணல் வடிகட்டி வேலை செய்யும் விதம் இது. நம் ஊரில் 140 தலைக்கட்டு, அதாவது 140 குடும்பம். குடிக்கவும் சமைக்கவும் வீட்டுக்கு 15 லிட்டர் குடத்தில் நாலு குடம் என்றால் ஒரு நாளைக்கு 8,400 லிட்டர். மெதுவாக வடியும் மணல் படுகையில் தண்ணீர் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 10 செ.மீ. இறங்க வேண்டும், அதாவது அரைச் சாண். இந்த வேகத்தில் இரண்டு மீட்டர் நீளமும் இரண்டு மீட்டர் அகலமும் உள்ள ஒரு தொட்டி மணிக்கு 400 லிட்டர், ஒரு நாளைக்கு 9,600 லிட்டர் தரும். ஊருக்கு ஒன்றே போதும். ஒன்றைச் சுத்தம் செய்யும்போது இன்னொன்று ஓட வேண்டும் என்பதால் இரண்டு கட்டினோம்.

அடியில் வடிகுழாய், அதன்மேல் பெரிதிலிருந்து சிறிதாக அடுக்கிய சரளை, அதற்கு மேல் 90 செ.மீ. மணல், மணலுக்கு மேல் ஒரு மீட்டர் தண்ணீர். ஊரணித் தண்ணீர் நேராக இதற்குள் போகாது. கலங்கலோடு போனால் மணல் சீக்கிரம் அடைத்துவிடும். அதனால் முதலில் நீளமான ஜல்லித் தொட்டிக்குள் படுக்கைவாக்கில் ஓடி, மண்ணை அங்கேயே விட்டுவிட்டு வருகிறது. தண்ணீரை ஏற்றுவது ஒரு சின்ன சோலார் பம்பு. வெயில் இல்லாத நேரத்துக்கு 10,000 லிட்டர் மேட்டுத் தொட்டி இருக்கிறது. பம்பு கெட்டால் நம் ஊர் விவசாயிகளிடம் உள்ள ஆயில் எஞ்சினை மாட்டித் தொட்டியை நிரப்பலாம். அதற்கான இணைப்பையும் சேர்த்தே போட்டிருக்கிறோம்.

கிருமியைப் பிடிப்பது மணல் மட்டுமல்ல. தண்ணீர் ஓட ஓட, மணலின் மேல்மட்டத்தில் நுண்ணுயிர்கள் சேர்ந்து பாலாடை மாதிரி மெல்லிய படலம் உண்டாகும். நோய்க்கிருமிகளைப் பெருமளவு பிடித்துத் தின்று அழிப்பது அந்தப் படலம். அது உருவாக இரண்டு மூன்று வாரம் ஆகும். ஐப்பசியிலேயே ஊரணி நிரம்பியும் கார்த்திகைக் கடைசிவரை ஏன் குழாயைத் திறக்கவில்லை என்று கோபப்பட்டவர்களுக்கு இதுதான் பதில். அது உயிருள்ள படலம் என்பதால் மணல் ஒருபோதும் காயக்கூடாது, ஓட்டமும் நிற்கக்கூடாது. வெளியே போகும் குழாயை மணல் மட்டத்துக்கு மேலே தூக்கி வைத்திருப்பது அதற்காகவே; தெரியாமல் யாரும் அதை இறக்கிவிட வேண்டாம்.

இது பழைய முறைதானே, நம்பலாமா என்ற சந்தேகம் நியாயமானது. லண்டனில் தேம்ஸ் தண்ணீரை 1829-லேயே இப்படி வடிகட்டினார்கள். 1892-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் காலரா வந்து 8,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அதை ஒட்டியே இருந்த ஆல்டோனா, அதே எல்பே ஆற்றில், ஹாம்பர்க்கின் கழிவும் கலந்த கீழ்ப்பக்கத்திலிருந்து தண்ணீர் எடுத்தது. ஆனால் மணலில் வடிகட்டிக் கொடுத்தது. அங்கே காலரா பெரிதாகப் பரவவில்லை. இருந்தாலும் நாம் அதோடு விடவில்லை. வடிந்த தண்ணீர்த் தொட்டியில் அளவோடு பிளீச்சிங் பவுடர் சேர்க்கிறோம், தண்ணீரை ஆய்வகத்திலும் பார்க்கிறோம். பூச்சிமருந்தை இந்த வடிகட்டி முழுதாக நீக்காது. வரத்துக்கால் ஓரத்தில் மருந்து கலக்குவதும் தெளிப்பான் கழுவுவதும் அறவே கூடாது.

ஊரில் ரிப்பேர் பார்க்க முடிகிற பொருளைத்தான் ஊருக்கு வைக்க வேண்டும் என்பது புதிய யோசனை இல்லை. தெருக்களில் இருக்கும் இந்தியா மார்க் 2 கைப்பம்பில் உள்ளே வாஷர் தேய்ந்தால்கூட மொத்தக் குழாயையும் தூக்க வேண்டும். அதற்கு ஆட்களும் பளுத்தூக்கும் சாமானும் வேண்டும். 1983 முதல் 1988 வரை நம் கோயம்புத்தூர் வட்டாரத்தில் பம்புகளை வைத்துப் பார்த்துத்தான், குழாயைக் கழற்றாமலே உள் உறுப்பை மேலே இழுத்து மாற்றும் மார்க் 3 உருவானது. வடிகட்டிக்கு வேண்டியதைத் தேர்ந்தெடுத்தபோது நாங்களும் அதே கேள்வியைத்தான் கேட்டோம்: இது கெட்டால் நம் ஊரில் யார் சரிசெய்வார்?

அதனால் வேலை இனி உங்கள் கையில்தான். ஓட்டம் குறையும்போது, ஒன்றிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை, மேல் மணலை ஓரிரு செ.மீ. மட்டும் சுரண்டி எடுத்து, கழுவிக் காயவைத்துச் சேர்த்து வைக்க வேண்டும். ஆழமாகத் தோண்டக் கூடாது. படுகை 60 செ.மீ. அளவுக்குக் குறையும்போது கழுவி வைத்த மணலைத் திரும்பக் கொட்ட வேண்டும். சுத்தம் செய்தபின் தண்ணீரை அடியிலிருந்து மெதுவாக ஏற்றினால்தான் மணலுக்குள் காற்று சிக்காது. தெருவுக்கு இருவர் வீதம் இதைக் கற்றிருக்கிறார்கள், பாதிப்பேர் பெண்கள்.

ஒரு விஷயத்தைக் குழு அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறது. குழாய் வரிசை ஒன்றுதான். காலனிக்குத் தனிக் குழாய், ஊருக்குத் தனிக் குழாய் என்ற பேச்சுக்கே இடமில்லை. மணல் கழுவும் முறையும் எல்லாத் தெருவுக்கும் உண்டு. இதைப் பொதுக்கூட்டத்தில் எல்லோரும் ஒப்புக்கொண்டு மினிட்டில் எழுதியிருக்கிறோம்.

மீதித் தொகை பராமரிப்புக் கணக்கில் இருக்கிறது. மணல் கழுவும் முதல் முறை தை மாதம் மேலத்தெருவுக்கு. மண்வெட்டி, சல்லடை, மணல் கழுவும் தொட்டி மடப்பள்ளிக்குப் பக்கத்து அறையில் உள்ளன. சாவி பூசாரி ஐயாவிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
திருப்பணிக் குழுவினர்