அந்த ராத்திரி எங்களுக்காக எந்திரிச்ச எல்லாருக்கும்

வணக்கம்ங்க.

நான் காரைக்குடிக்காரன். சிங்கப்பூருக்கு வேலைக்குப் போயி பதினோரு வருஷம் ஆச்சு. போன வைகாசில லீவுக்கு வந்திருந்தப்ப ஒரு ராத்திரி, முன்கூட்டி எதுவும் பேசி வைக்காம, நானும் கூட்டாளிங்க மூணு பேரும் ரெண்டு பைக்க எடுத்துக்கிட்டு கெளம்பினோம், போறப்ப நல்லாத்தான் இருந்துச்சு, திரும்பி வரும்போது விழுந்துட்டோம். அந்த நேரத்துல தூக்கத்துல இருந்து எந்திரிச்சு வந்து எங்களப் பாத்துக்கிட்டவங்க ஆறேழு பேரு. அவங்க பேரு எங்களுக்குத் தெரியாது, எங்க பேரயும் அவங்க கேக்கல. நம்ம பக்கம் யாரும் வாயத் தொறந்து நன்றின்னு சொல்றதில்ல, "அப்ப வர்றோம்ணே"ன்னு சொல்லிட்டு வண்டிய எடுத்துருவோம், நாங்களும் அப்படித்தான் சொல்லிட்டு வந்தோம். எனக்கு அது பத்தல. ரெண்டு மாசமா மனசுல உறுத்திக்கிட்டே இருக்கு, அதனால எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதிடறேன். அந்தப் பக்கத்து ஆளுங்க யாரு கண்ணுல பட்டாலும் அவங்ககிட்ட சேத்துருங்க.

நாங்க நாலு பேரு. பள்ளத்தூரான், தேவகோட்டையான், புதுவயலான், அப்புறம் நான். சிங்கப்பூர்ல எங்களுக்குள்ள ஊருதான் பேரு. சனிக்கிழமை வேலை முடிஞ்சா ராத்திரி ஈஸ்ட் கோஸ்ட் பார்க்ல வாடகைக்கு சைக்கிள் எடுத்து சாங்கி வரைக்கும் மிதிப்போம். ஒரு பக்கம் கடலு, நங்கூரம் போட்டு நிக்கிற கப்பலுங்க வெளிச்சம் வரிசையா தெரியும், தலைக்கு மேல ஏர்போர்ட்டுக்கு எறங்குற ஃபிளைட்டு. வாரம் பூரா சேந்த பாரம் அந்த ரெண்டு மூணு மணி நேரத்துல கொறையும். பேச்சு மட்டும் ஊரப் பத்தியேதான் ஓடும். "நம்ம ஊர்ல நெலா வெளிச்சத்துல இதே மாதிரி ஒரு தடவையாச்சும் ஓட்டணும்டா"ன்னு புதுவயலான் சொல்லாத வாரம் கெடையாது. நாலு பேருக்கும் ஒண்ணா லீவு அமைஞ்சதே இல்ல. இந்த வருஷம் பள்ளத்தூரான் அப்பச்சிக்கு மணிவிழா வந்துச்சு, நாலு பேரும் மொதலாளிகிட்ட நின்னு கேட்டு வாங்கிட்டு வந்துட்டோம்.

மணிவிழா முடிஞ்ச அன்னைக்கு ராத்திரி. பள்ளத்தூர்ல அவங்க வீட்டு வளவுல, அதான் நடு முத்தத்தச் சுத்தி, சொந்தக்காரங்க எல்லாம் பாய விரிச்சுப் படுத்துட்டாங்க, நாங்க முகப்புத் திண்ணையில உக்காந்துருந்தோம். பௌர்ணமி போயி ரெண்டு நாளு, நெலா நல்லா மேல வந்துருச்சு, தெருவே பால் கொட்டுன மாதிரி கெடக்கு. மணி பதினொண்ணரை. புதுவயலான் ஒண்ணும் பேசல, வானத்த ஒரு தடவ பாத்தான், எங்கள ஒரு தடவ பாத்தான், அவ்வளவுதான், நாலு பேரும் எந்திரிச்சுட்டோம்.

மொத நன்றி பள்ளத்தூரானோட சித்தப்பாவுக்கு. தூங்குனவர எழுப்பி சாவி கேட்டா ஏன் எதுக்குன்னு ஒரு வார்த்தை கேக்கல, "பெட்ரோல் இருக்கு, பின் பிரேக்கு கொஞ்சம் லூசு, பாத்துப் போங்கப்பா"ன்னு சொல்லிட்டு ரெண்டு ஹெல்மெட்டத் தேடிக் குடுத்தாரு. சித்தி ஒரு தூக்குல மனகோலமும் சீப்புச்சீடையும் போட்டுக் குடுத்தாங்க. அந்தத் தூக்கு நசுங்கிப் போச்சு சித்தி, புதுசு வாங்கித் தரணும்னு ஞாபகம் இருக்கு.

கானாடுகாத்தான் தெருவுல இஞ்சின ஆஃப் பண்ணிட்டு வண்டியத் தள்ளிக்கிட்டே நடந்தோம். பகல்ல டூரிஸ்ட் பஸ்ஸும் கேமராவுமா இருக்குற எடம், அந்த நேரத்துல ஒரு சத்தம் இல்ல. ராஜா சர் அண்ணாமலை செட்டியார் 1912-ல கட்டி முடிச்ச அந்த அரமனை நெலா வெளிச்சத்துல நிக்குது, பக்கத்துல இந்தத் தெருவுல ஆரம்பிச்சு அடுத்த தெருவுல முடியிற வீடுங்க, பாதி வீட்டுல பூட்டுத்தான். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் போயி சம்பாரிச்சுக் கட்டுன வீடுங்க, இப்பவும் ஆளுங்க வெளியூர்லதான் இருக்காங்க. தேவகோட்டையான் ஒரு வாசப்படியில கைய வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் நின்னான். அவன் வீடும் ஊர்ல பூட்டித்தான் கெடக்கு.

அங்கருந்து திருமயம். 1687-ல சேதுபதி கட்டுன கோட்டை, ராத்திரி மேல ஏற முடியாதுன்னு தெரியும், சும்மா அடிவாரத்துல சுத்தி வரலாம்னுதான் போனோம். பாறையும் மதிலும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி கருகருன்னு நின்னுச்சு, பாத்துட்டே இருந்தோம். கோட்டை பைரவருகிட்ட நின்னு வெளியவே கும்பிட்டோம், அந்த வழியா போற வண்டிக்காரங்க எல்லாரும் நிறுத்திக் கும்பிடற எடம் அது. அப்பதான் ரோந்துல வந்த ஒரு போலீஸ்காரரு வண்டிய நிறுத்தி விசாரிச்சாரு. சிங்கப்பூர்ல இருந்து லீவுல வந்துருக்கோம்னதும் லைசென்ஸ மட்டும் பாத்துட்டு, "தம்பி, போறப்ப மெயின் ரோட்டுலயே போங்க, உள் ரோடு எல்லாம் வேலை நடக்குது, வேணாம்"னு ரெண்டு தடவ சொன்னாரு. சார், நீங்க சொன்னத நாங்க கேக்கல. கேட்டிருந்தா இந்தக் கடுதாசிக்கே வேலை இருந்திருக்காது. மன்னிச்சுக்கங்க. அந்த ஜாமத்துல முன்ன பின்ன தெரியாத நாலு பேருக்கு அக்கறையா சொன்னதுக்கு நன்றி.

கானாடுகாத்தான் தாண்டி ஆத்தங்குடிப் பக்கமா ஒரு உள் ரோட்டுல திரும்பினோம், எங்கயாச்சும் ஒரு ஊருணிக் கரையில கொஞ்ச நேரம் உக்காந்து பலகாரத்தத் தின்னுட்டுப் போகலாம்னு. நான் ஓட்டுறேன், பின்னாடி புதுவயலான். ஒரு வளைவுல ரோட்டு வேலைக்கு ஜல்லி கொட்டி வச்சிருக்காங்க, ரெண்டு பக்கமும் கருவ மரம் நெழலு, நெலா வெளிச்சம் அங்க விழல. முப்பதுலதான் போனேன். முன் சக்கரம் வழுக்கி வண்டி அப்படியே சாஞ்சிருச்சு, எனக்கு முட்டியிலயும் முழங்கையிலயும் செராய்ப்பு, புதுவயலான் கால் வண்டிக்கு அடியில மாட்டிக்கிச்சு. அவன் போட்ட சத்தம் இப்பவும் எனக்குக் கேக்குது. பின்னாடி வந்தவனுங்க ரெண்டு பேரும் ஓடி வந்து வண்டியத் தூக்குறானுங்க, கணுக்காலு கண்ணு முன்னாடியே வீங்குது, போன எடுத்தா பள்ளத்தூரான் போனு ஒண்ணுலதான் ஊரு சிம்மு, அதுலயும் டவர் இல்ல.

அப்பதான் வயலுக்குள்ள இருந்து ஒரு டார்ச் வெளிச்சம் ஆடிக்கிட்டே வந்துச்சு. மொதல்ல ஒரு கருப்பு நாயி, ஒரு காது மட்டும் வெள்ளை, அதுக்குப் பின்னாடி தோள்ல கம்போட ஒரு பெரியவரு. கீதாரி, ஆட்டு மந்தை ஓட்டுறவரு. அறுவடை முடிஞ்ச வயல்ல உரத்துக்காக கிடை போட்டிருக்காரு, எரநூறு முந்நூறு செம்மறி இருக்கும், அத்தனையும் தலைய எங்க பக்கம் திருப்பிப் பாத்துக்கிட்டு நிக்குதுங்க. நரிக்கும் களவுக்கும் பயந்து ராத்திரி பூரா அரைத் தூக்கம்தான் அவருக்கு. அந்த அரைத் தூக்கத்தையும் விட்டுட்டு வந்தாரு.

வந்தவரு எதுவும் கேக்கல. குனிஞ்சு கால அமுக்கிப் பாத்தாரு, ஆட்டுக் காலு ஒடிஞ்சதப் பாத்துப் பழகுன கை, "எலும்பு நிக்கிதுப்பா, பயப்படாத"ன்னாரு. தலையில கட்டியிருந்த துண்ட அவுத்து, கருவக் குச்சி ரெண்ட ஒடிச்சு ரெண்டு பக்கமும் வச்சு, கணுக்கால அசையாம கட்டுனாரு. அப்புறம் குடத்துத் தண்ணி. எங்க நாலு பேருக்கும் குடிக்கக் குடுத்துட்டு மிச்சத்துல என் முட்டிய கழுவி விட்டாரு. கிடையில படுத்துருந்த அவரு மருமகன எழுப்பி "நீ பாத்துக்க"ன்னு சொல்லிட்டு, எங்க கூடவே நடந்து வந்தாரு. புதுவயலான தேவகோட்டையான் முதுகுல தூக்கிக்கிட்டான், ஹேண்டில் கோணிப் போன வண்டிய அந்தப் பெரியவரு தள்ளிக்கிட்டு வர்றாரு, நான் கேட்டா கூட குடுக்கல, "உங்கையில ரத்தம் வருது, நட"ன்னுட்டாரு. கிடைய விட்டு ஒரு கீதாரி ராத்திரில நகர்றதுன்னா என்னன்னு ஆடு வச்சிருக்கவங்களுக்குத் தெரியும். ஒரு குட்டிய நரி தூக்கிட்டுப் போனாலும் அவரு கணக்குத்தான்.

அவரு கூட்டிட்டுப் போன எடம் ஒரு பெரிய வீடு. ஆளுங்க மெட்ராஸ்ல, வாச்மேன் ஐயாவும் அவரு சம்சாரமும் மட்டும் திண்ணையில படுத்துருக்காங்க. கீதாரி ஒரு கொரல் குடுத்ததும் ரெண்டு பேரும் எந்திரிச்சு, அந்த அம்மா நேரா அடுப்பப் பத்த வைக்கப் போயிட்டாங்க. புளியும் உப்பும் கரைச்சு சூடு பண்ணி, கட்ட அவுத்துப் பதமா பத்துப் போட்டு, திரும்ப அதே துண்டால கட்டுனாங்க. புதுவயலான வளவுல தரையிலயே படுக்க வச்சாங்க. ஆத்தங்குடிக் கல்லுத் தரை. அந்தக் கல்ல சூளையில சுடறதில்ல, கண்ணாடித் தகடு மேல கலர ஊத்தி, அந்த ஊரு மண்ணும் சிமெண்ட்டும் போட்டு, தண்ணில ஊற வச்சுக் காய வைக்கிறது, அதான் வைகாசி வெக்கையிலயும் அப்படி ஒரு குளிர்ச்சி. வலியில மொனகிக்கிட்டு இருந்தவன் கன்னத்த அந்தக் கல்லுல வச்சதும் கொஞ்சம் அடங்குனான்.

வாச்மேன் ஐயா அவன் கவனத்தத் திருப்பணும்னே பேச்சுக் குடுத்துக்கிட்டு இருந்தாரு, எனக்கு அது அப்புறம்தான் புரிஞ்சுச்சு. சிங்கப்பூர்னதும், "எங்க மொதலாளி அப்பச்சி அங்கதானப்பா இருந்தாக, மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கில, ஆளுக்கொரு பொட்டி, அதுக்கு முன்னாடி ஒரு மேசை, அம்புட்டுத்தான் வட்டிக்கடை, ராத்திரி அங்கேயேதான் படுப்பாகளாம்"னாரு. டேங்க் ரோட்டு முருகன் கோயில் இன்னும் இருக்கான்னு கேட்டாரு. 1859-ல நகரத்தாரு கட்டுன கோயில், நாங்க வருஷா வருஷம் தைப்பூசத்துக்குப் போறோம்னு சொன்னோம். ரொம்ப சந்தோசம் அவருக்கு. தான் போகாத ஒரு ஊரு கோயிலப் பத்தி அவ்வளவு ஆசையா கேட்டாரு. ஐயா, அடுத்த பூசத்துக்கு உங்க பேருக்கும் சேத்து அங்க அர்ச்சனை பண்ணணும், பேரு மட்டும் கேக்காம வந்துட்டேன்.

அவருதான் போனப் போட்டு ஒரு குட்டியானைக்காரர வரச் சொன்னாரு, காரைக்குடிக்கு காய்கறி ஏத்தப் போற வண்டி, எங்களுக்காக ஒரு மணி நேரம் முன்னாடியே கெளம்பி வந்தாரு. பின்னாடி சாக்க விரிச்சு புதுவயலானப் படுக்க வச்சு, குழி வர்ற எடத்துல எல்லாம் நிறுத்தி நிறுத்தி ஓட்டுனாரு. ஆஸ்பத்திரி வாசல்ல எறங்கி எவ்வளவுண்ணேன்னு கேட்டா, எங்க நாலு பேரு பையிலயும் சிங்கப்பூர் பேங்க் கார்டு மட்டும்தான், ரூவா எல்லாம் வீட்டுல சட்டையில கெடக்கு. அவரு சிரிச்சுட்டு, "நான் இந்தப் பக்கம்தான வந்தேன், இதுக்கு என்னத்த வாங்குறது"ன்னு வண்டியத் திருப்பிட்டாரு. அண்ணே, நீங்க வந்த வழி அது இல்லன்னு எங்களுக்குத் தெரியும்.

காரைக்குடி கவர்மெண்ட் ஆஸ்பத்திரில ராத்திரி டூட்டியில இருந்த சிஸ்டருக்கும் டாக்டரம்மாவுக்கும் நன்றி. எக்ஸ்ரேல எலும்பு முறியல, ஜவ்வுதான் பிசகியிருக்குன்னாங்க. சிஸ்டர் என் முட்டியில ஒட்டியிருந்த ஜல்லித் துகள ஒண்ணொண்ணா எடுத்துட்டு ஊசி போட்டாங்க. புதுவயலான் கால்ல இருந்த துண்ட அவுத்தவங்க, அதக் கடாசிராம உதறி மடிச்சு எங்கையில குடுத்தாங்க. அது எவ்வளவு பெரிய உதவின்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. வெளிய டீக்கடை அண்ணே மொத பால்ல போட்ட டீயும் காசு வாங்காம குடுத்ததுதான், எங்க நெலமையப் பாத்தே ஊகிச்சுட்டாரு.

அன்னைக்கு சாயங்காலமே திருச்சில எங்க மூணு பேருக்கும் ஃபிளைட்டு. புதுவயலான் மட்டும் பத்து நாளு லீவ நீட்டிக்கிட்டு வீட்டுல இருந்தான். கால ஊன முடிஞ்சதும் கார் எடுத்துக்கிட்டு அந்தப் பெரிய வீட்டுக்குப் போயி வாச்மேன் ஐயாவையும் அந்த அம்மாவையும் பாத்து வேட்டி சேலை வச்சுக் குடுத்துட்டு வந்திருக்கான். வாங்க மாட்டேன்னு சொன்னவங்கள சம்மதிக்க வைக்கவே ஒரு மணி நேரம் ஆச்சாம். அங்கருந்து அந்த வளைவுக்கும் போயிருக்கான், ஜல்லி எல்லாம் எடுத்து தார் போட்டாச்சு. வயல்ல கிடை இல்ல. புழுக்கையும் குளம்புத் தடமும்தான் கெடந்துச்சாம். வாச்மேன் ஐயாகிட்ட கேட்டா, "அவரு ராமநாதபுரத்துப் பக்கம், கிடைய நகத்திட்டாரு, எந்த ஊருல போட்டுருக்காரோ"ன்னாராம்.

இத எழுதுறதே பெரும்பாலும் அவருக்காகத்தான். செட்டிநாட்டுப் பக்கத்துலயோ, ராம்நாட்டுப் பக்கத்துலயோ, உங்க ஊரு வயல்ல யாராச்சும் கிடை போட்டிருந்தா ஒரு எட்டு போயிப் பாருங்க. கருப்பு நாயி, ஒரு காது வெள்ளை. பெரியவரு, கூட ஒரு மருமகப் பையன். அவருகிட்ட சொல்லுங்க, அந்தப் பய கால் நல்லா ஆயிருச்சு, போன சனிக்கிழமை சாங்கி வரைக்கும் சைக்கிள் மிதிச்சான். ரத்தக்கறை ரெண்டு தடவ துவைச்சதுலயே போயிருச்சு. துண்டு எங்கிட்ட பத்திரமா இருக்கு, தை மாசம் வரும்போது கொண்டு வர்றேன்.