கயலுக்கு அப்பா எழுதுவது

அன்புள்ள கயல்,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. நீ அனுப்பிய ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்தைப் படித்தேன். விலங்கியல் வாத்தியாராக இருந்தவனுக்கு இதைவிட என்ன வேண்டும்!

அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் கிளவுஸ் மிசெக் என்ற ஆய்வாளர் பல வருடம் செய்த வேலையைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறாய். ஆண் சுண்டெலியின் கூண்டுக்குள் அந்நிய ஆண் எலி ஒன்றை விட்டு, விழுகிற கடிகளை எண்ணுகிறார்கள். உடல் எடையில் கிலோவுக்கு 1 கிராம் ஆல்கஹால் போனால் சில எலிகள் வழக்கத்தைவிட அதிகம் கடிக்கின்றன. அளவு மிகவும் கூடினால் தள்ளாடிப் படுத்துவிடுகின்றன. மற்ற எலிகளுக்கு அதே 1 கிராம் கொடுத்தும் ஒன்றும் ஆவதில்லை. ஆனால் ஒரு தடவை அப்படிக் கடித்த எலி, அடுத்த தடவையும் கடிக்கிறது. இந்த இடத்தைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

'கொஞ்சமாகத்தான் எடுத்துக்கொள்கிறார்' என்று தீபாவளிக்குச் சொன்னாய். கொஞ்சம் என்பதில் ஆறுதல் இல்லையே அம்மா. உன் அத்தியாயமே அதைத்தானே சொல்கிறது?

பொதுவாகத்தான் கேட்கிறேன். முன்பெல்லாம் எதையும் என்னிடம் மறைக்கமாட்டாய். இப்போது போன் செய்தால், 'லேபில் இருக்கிறேன் அப்பா' என்று வைத்துவிடுகிறாய். போன வாரம் வீடியோவில் அந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டிருந்தாய். கேட்க வேண்டாம் என்று அம்மா தடுத்துவிட்டாள். சித்தி வீட்டில் நடந்தது உனக்குத் தெரியும். அங்கேயும் யாரும் கேட்கவில்லை.

மூளையிலுள்ள செரடோனின் ஏற்பியா, வேறு எதுவுமா, சில எலிகள் மட்டும் அப்படிக் கடிப்பதன் காரணத்தைக் கண்டுபிடி. அது உன் படிப்பு, நன்றாகச் செய்வாய். அதற்காக ஒரு மனிதரைப் புரிந்துகொள்கிறேன் என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. முதல் கடி விழுந்து 5 நிமிடத்தில், உள்ளே விட்ட எலியை நீங்களே வெளியே எடுத்துவிடுகிறீர்கள். அந்த எலிக்கு அதற்குமேல் காயம் படக்கூடாது என்றுதானே?

தோழி வீட்டில் போய்த் தங்கு. சாப்பிடாமல் இருக்காதே. போனை எடு. வாக்குவாதம் வேண்டாம், அவர் குடித்திருக்கும்போது ஒரு வார்த்தையும் வேண்டாம். போனை எடு.

டிக்கெட்டுக்கான பணத்தை உன் பழைய கணக்கில் போட்டிருக்கிறேன், இருவர் பெயரில் இருப்பதில் இல்லை. ஆய்வேட்டை இங்கிருந்தும் எழுதலாம், மாடி அறையைக் காலி செய்தாகிவிட்டது. எந்தத் தேதி என்று மட்டும் சொல். மாப்பிள்ளையிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா