மின்சேமிப்புக்காக நீங்கள் பொருத்திய நெட்வொர்க் மாட்யூல்கள் குறித்துப் புகார்

அனுப்புநர்:
நிர்வாகப் பங்குதாரர்,
நவீன அரிசி ஆலை,
அம்பாசமுத்திரம் வட்டம்,
திருநெல்வேலி மாவட்டம்.

பெறுநர்:
பொது மேலாளர் அவர்கள்,
விற்பனை மற்றும் சேவைப் பிரிவு,
தலைமை அலுவலகம், சென்னை.

பொருள்: இணைப்பு அறுந்த பிறகும் பழைய அளவையே திரையில் காட்டும் மின்கண்காணிப்பு அமைப்பு – சரிசெய்து தரவும் இழப்பை ஈடுகட்டவும் கோருதல்.

ஐயா,

வணக்கம். எங்கள் ஆலையில் உங்கள் நிறுவனம் பொருத்திக்கொடுத்த அமைப்பு, மீட்டரிலிருந்தும், மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவிலிருந்தும் தகவல் வராமல் நின்றுபோன நேரத்திலும் கடைசியாக வந்த எண்ணையே காட்டிக்கொண்டிருக்கிறது. அது பழைய எண் என்று தெரிவிக்கும் அடையாளம் எதுவும் திரையில் இல்லை. அந்த எண்ணை நம்பி ஆலையை ஓட்டியதில் மின்கட்டணத்தில் அபராதமும் கட்டினோம், நெல்லும் வீணாயிற்று. வாய்மொழியாகவும் வாட்ஸப்பிலும் சொல்லிப் பார்த்துப் பயனில்லாததால் இதை எழுத்தில் தருகிறேன்.

எங்கள் தொழிலை உங்கள் விற்பனைப் பிரதிநிதி நேரில் வந்து பார்த்தவர்தான். கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் விளையும் நெல்தான் எங்களுக்குப் பெரும்பகுதி. அம்பை 16 ரகம் அதிகம் வரும். ஊறவைத்து, அவித்து, டிரையரில் உலர்த்தி, அரைத்து, பாலிஷ் போட்டு, சார்டெக்ஸ் இயந்திரத்தில் கல்லும் கறுப்பும் பிரித்து மூட்டை பிடிக்கிறோம். நீராவிக்கு உமி இருக்கிறது. மற்ற எல்லாவற்றுக்கும் மின்சாரம்தான். உயரழுத்த இணைப்பு என்பதால், வாங்கிய அனுமதி அளவில் 90 விழுக்காட்டுக்கு, எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் டிமாண்ட் (ஆலை ஒரே நேரத்தில் இழுக்கும் மின்சுமை) கட்டணம் கட்டியாக வேண்டும். அனுமதி அளவைத் தாண்டினால், தாண்டிய ஒவ்வொரு கே.வி.ஏ.வுக்கும் (மின்சுமையின் அலகு) இரட்டிப்பு. மாதத்தில் ஒரே ஒரு முறை தாண்டினாலும் அந்த மாதத்துக் கணக்கில் அதுதான் ஏறும். போதாக்குறைக்குக் காலையும் மாலையும் பீக் அவரில் யூனிட் விலை 25 விழுக்காடு கூடுதல்.

உங்கள் பிரதிநிதி சொன்னது இதுதான்: "ஒவ்வொரு டிரைவிலும் ஒரு கம்யூனிகேஷன் மாட்யூல் செருகிவிடுவோம், மீட்டர்களை மாட்பஸ் லைனில் சேர்த்துவிடுவோம், எல்லாம் ஒரு கேட்வேக்கு வந்துவிடும். டிமாண்ட் ஏறும்போது அவசரமில்லாத மோட்டாரை அதுவே நிறுத்திவிடும். டிரையர் புளோயரின் வேகத்தை ஈரத்துக்குத் தகுந்தபடி அதுவே குறைத்துக்கொள்ளும்." மாட்பஸ் என்பது கருவிகள் ஒன்றோடொன்று பேசும் முறை; கேட்வே என்பது அந்தத் தகவலையெல்லாம் திரட்டித் திரைக்குத் தரும் மையக் கருவி. டிரையருக்குக் காற்று ஊதும் புளோயர் விஷயம் எங்களுக்கும் தெரியும். காற்றாடி வகை மோட்டாரில் வேகத்தை 80 விழுக்காட்டுக்கு இறக்கினால் அது எடுக்கும் மின்சாரம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். டிரையர் மணிக்கணக்கில் ஓடுகிற ஆலைக்கு இது சின்ன விஷயமா? அதை நம்பித்தான் ஆர்டர் கொடுத்தோம்.

பிசானப் பருவ நெல் வந்து குவிந்திருந்த மாசிக் கடைசியில் ஒரு இரவு ஷிஃப்ட். டிரையர் புளோயரின் பெல்ட்டை மாற்றுவதற்காக எங்கள் எலக்ட்ரீஷியன் அதன் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு, மூன்று பியூஸ் கட்டைகளையும் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கண்ட்ரோல் அறைக்கு வந்தார். திரையில் அதே புளோயர் பச்சையில் சுழன்றுகொண்டிருந்தது. கரண்ட் 42 ஆம்பியர். "அண்ணாச்சி, பியூஸ் என் கையில இருக்கு, அங்க 42 ஆம்பியர் ஓடுதுன்னுல்லா காட்டுது" என்றார். கால்மணி நேரம் நின்று பார்த்தோம். 42 அப்படியே இருந்தது. ஓடுகிற மோட்டாரில் ஒரு ஆம்பியராவது ஏறி இறங்காமல் இருக்குமா?

உங்கள் சேவைப் பொறியாளரிடம் தொலைபேசியில் கேட்டபோது, "உங்க ஊர் வோல்டேஜ் சரியில்லை சார், லைன்ல நாய்ஸ் வரும், அதனால ரீடிங் தப்பா விழுது" என்றார். லைனில் கலக்கும் மின் இரைச்சலைத்தான் நாய்ஸ் என்கிறார். இந்த விளக்கத்தை நான் ஏற்கவில்லை. மாட்பஸ் ஆர்.டி.யு. முறையில் அனுப்பப்படும் ஒவ்வொரு தகவலின் கடைசியிலும் சி.ஆர்.சி. என்ற சரிபார்ப்பு எண் இருக்கிறது. வழியில் ஒரு பிட் கெட்டாலும் அந்த எண் ஒத்துவராது. வாங்கும் கருவி தகவலைத் தள்ளிவிடும். ஆகவே நாய்ஸ் வந்தால் பதில் வராமல் போகுமே தவிர, 42 என்று சுத்தமான எண் விழாது. பதில் வரவில்லை என்பது கேட்வேக்குத் தெரியும். தெரிந்தும் பழைய எண்ணைப் புதியதுபோலக் காட்டும்படி நிரல் எழுதியிருக்கிறீர்கள்.

இதை நாங்களே சோதித்தும் பார்த்தோம். ஓடிக்கொண்டிருந்த, நெல் ஏற்றும் எலிவேட்டர் டிரைவின் மாட்யூலிலிருந்து கம்யூனிகேஷன் கேபிளைப் பிடுங்கினோம். மாட்யூலில் இருக்கும் சின்ன விளக்கு உடனே நிறம் மாறி மினுக்கத் தொடங்கிவிட்டது. திரையில் எண் அசையவில்லை, எச்சரிக்கை மணி இல்லை, நிறம்கூட மாறவில்லை. மாட்யூல் தன் வேலையைச் செய்கிறது. அது சொல்வதை உங்கள் திரை மறைக்கிறது. முள் ஒட்டிக்கொண்ட தராசில் நெல் எடை போடுகிற வியாபாரியை எங்கள் ஊரில் யாரும் மன்னிக்க மாட்டார்கள். உங்கள் திரையும் அந்தத் தராசும் எனக்கு ஒன்றுதான்.

இதன் விளைவு பங்குனி மாத மின்கட்டணத்தில் தெரிந்தது. எங்கள் டிமாண்ட் அனுமதி அளவைத் தாண்டியிருந்தது. மின்வாரிய மீட்டரிலிருந்து எடுத்த பதிவைப் பார்த்தால், தாண்டிய நேரம் மாலை. அவியல், டிரையர், அரவை மூன்றும் சேர்ந்து ஓடிய நேரம். அதே நேரத்துக்கு உங்கள் கேட்வேயின் பதிவில் டிமாண்ட் ஒரு நேர்கோடாக இருக்கிறது; முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஒரே எண், புள்ளிக்குப் பின் உள்ள இலக்கம்கூட மாறவில்லை. டிமாண்ட் ஏறவில்லை என்று அது நம்பியதால் தண்ணீர் பம்பையும் உமி ஏற்றும் மோட்டாரையும் நிறுத்தவில்லை. எங்கள் ஆட்கள் பழையபடி கையால் பார்த்து ஓட்டியிருந்தால் அரவையைச் சற்றுத் தள்ளிப் போட்டிருப்பார்கள். திரை இருக்கிறது, அது பார்த்துக்கொள்ளும் என்று விட்டதால்தான் தாண்டியது.

ஏன் சரியாக அந்த நேரத்தில் இணைப்பு அறுந்தது என்பதற்கும் காரணம் இருக்கிறது. உங்கள் ஒப்பந்தக்காரர், தகவல் செல்லும் ஆர்.எஸ்.485 கேபிளை, டிரைவிலிருந்து மோட்டாருக்குப் போகும் பவர் கேபிள்களோடு ஒரே டிரேயில் கட்டியிருக்கிறார். டிரைவின் வெளியீட்டில் நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை மின்சாரம் வெட்டப்பட்டுக்கொண்டிருக்கும். அதன் இரைச்சல் பக்கத்து கேபிளில் ஏறத்தான் செய்யும். அதோடு, இந்த லைன் ஒரு கருவியிலிருந்து அடுத்த கருவிக்கு என்று சங்கிலிபோலப் போய், இரண்டு முனைகளிலும் 120 ஓம் ரெசிஸ்டரோடு முடிய வேண்டும். இங்கே பேனலில் ஒரே இடத்திலிருந்து நான்கு பக்கமும் கிளை பிரித்திருக்கிறார்கள். ரெசிஸ்டர் எங்குமே இல்லை. இரைச்சலைத் தடுக்கும் ஷீல்டு கம்பி வெட்டிய இடத்தில் இன்சுலேஷன் டேப் மட்டும் சுற்றியிருக்கிறது. எல்லா டிரைவும் முழுச் சுமையில் ஓடும்போதுதான் இரைச்சல் அதிகம். டிமாண்டைக் கவனிக்க வேண்டியதும் அப்போதுதான். எங்களுக்கு மிகவும் தேவையான நேரத்தில் உங்கள் அமைப்பு குருடாகிவிடுகிறது.

டிரையரில் நடந்தது எனக்கு இதைவிட வருத்தம். புளோயரின் வேகத்தை நெட்வொர்க் வழியாகவே கேட்வே தீர்மானிக்கிறது. இணைப்பு அறுந்தால் டிரைவ் என்ன செய்ய வேண்டும் என்று அதற்குள்ளேயே ஒரு அமைப்பு உண்டு: நிற்பதா, குறிப்பிட்ட ஒரு வேகத்துக்கு வருவதா, அதே வேகத்தில் ஓடுவதா என்று. அதை ஒருவரும் தொடவே இல்லை. தொடக்கத்தில் ஈரம் அதிகமாக இருந்தபோது கொடுத்த முழு வேகத்திலேயே புளோயர் இரவு முழுக்க ஓடியிருக்கிறது. அவித்த நெல்லை வேகமாகக் காயவைத்தால் உள்ளே அரிசி வெடிப்பு விடும். அரைக்கும்போது குருணையாகக் கொட்டும். மறுநாள் அப்படித்தான் கொட்டியது. கையில் அள்ளிப் பார்த்தால் முழு அரிசிக்குச் சமமாக நொய் கிடந்தது. குருணை விலைக்கும் அரிசி விலைக்கும் உள்ள தூரம் உங்களுக்கும் தெரிந்திருக்கும். மின்சாரத்தை மிச்சப்படுத்த வாங்கிய கருவி அன்றிரவு மின்சாரத்தையும் கூடுதலாகத் தின்றது, நெல்லையும் கெடுத்தது.

இன்னொன்று, அரவைப் பகுதி மீட்டர். பொருத்திய புதிதில் அதன் யூனிட் கணக்கு கோடிக்கணக்கில் காட்டியது. உங்கள் ஆள் வந்து ஏதோ ஒரு எண்ணால் வகுத்துச் சரிசெய்துவிட்டுப் போனார். சில வாரம் சரியாகவே காட்டியது. பிறகு ஒருநாள் சட்டென்று சுழியத்துக்கு விழுந்தது. மீட்டரின் முகத்தில் பார்த்தால் 65,535 யூனிட்டை அப்போதுதான் தாண்டியிருந்தது. பேட்டை ஐ.டி.ஐ.யில் படித்த எங்கள் எலக்ட்ரீஷியனே இதன் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார். அந்த எண் இரண்டு ரெஜிஸ்டர்களில் (ஒவ்வொன்றும் 65,535 வரை மட்டுமே கொள்ளும் எண் பெட்டி) பாதி பாதியாக வருகிறது. எது முன்பாதி எது பின்பாதி என்பதை உங்கள் கேட்வே மாற்றிப் படிக்கிறது. வரிசையைத் திருத்துவதற்குப் பதில் 65,536ஆல் வகுத்திருக்கிறார்கள். ஒரு ரெஜிஸ்டருக்குள் அடங்கும் வரை கணக்கு ஒத்துப்போகும். அதைத் தாண்டியதும் கவிழும். அமைப்பில் ஒரே ஒரு தேர்வை மாற்றினால் முடிகிற வேலை. ஆனால் அதை எங்களால் செய்ய முடியாது. கேட்வேயின் கடவுச்சொல் உங்களிடம் இருக்கிறது.

கடவுச்சொல்லைக் கேட்டதற்கு, "அது கம்பெனி பாலிசி" என்று பதில் வந்தது. ரெஜிஸ்டர் பட்டியலைக் கேட்டதற்கு, ஆண்டுச் சந்தா கட்டினால் பார்க்கலாம் என்றார்கள். பணம் கொடுத்து நாங்கள் வாங்கிய மீட்டரில் எந்த எண் எங்கே இருக்கிறது என்று அறியும் உரிமை எங்களுக்கு இல்லையா? மாட்பஸ் 1979 முதல் புழக்கத்தில் இருக்கிற, எல்லோருக்கும் திறந்த நெறிமுறை. எந்த நிறுவனத்தின் கருவியும் எந்த நிறுவனத்தின் கருவியோடும் பேசட்டும் என்பதற்காகத்தான் உலகம் முழுக்க அதைப் பயன்படுத்துகிறார்கள். அதன் மேல் நீங்கள் பூட்டுப் போட்டிருப்பதால், நாளை உங்கள் நிறுவனமே அழைப்பை எடுக்காமல் போனாலும் வேறொருவரைக் கூப்பிட்டுப் பழுது பார்க்க எங்களுக்கு வழியில்லை.

இந்தத் தொழில்நுட்பத்தின் மீது எங்களுக்கு எந்தக் கோபமும் இல்லை. சரியாக வேலை செய்த நாட்களில் அது எங்களுக்கு உண்மையான ஒன்றைக் காட்டித் தந்தது. அரவை நின்ற பிறகும் சார்டெக்ஸுக்கான ஏர் கம்ப்ரசர் இரவில் மாறி மாறி லோடு எடுத்துக்கொண்டிருந்ததைக் கோட்டுப்படத்தில் பார்த்தோம். தேடியபோது இரண்டு ஹோஸ் இணைப்புகளில் காற்று கசிந்தது. அடைத்தோம், இப்போது அரவை முடிந்ததும் கம்ப்ரசரையும் அணைத்துவிடுகிறோம். லோடு இல்லாமல் சும்மா சுற்றினாலே அது முழுச் சுமையில் எடுப்பதில் கால் பங்குக்கு மேல் தின்னும். மாட்யூல் தானாக ஒரு யூனிட்டையும் மிச்சப்படுத்தாது, அது தரும் எண்ணை வைத்து மனிதர்கள் செய்கிற வேலைதான் மிச்சப்படுத்துகிறது. அதனால்தான் அந்த எண் பொய்யாக இருக்கக் கூடாது என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

நாங்கள் கேட்பது இவ்வளவுதான். எந்தக் கருவியிடமிருந்து பதில் வரவில்லையோ அதன் எண் சில நொடிகளுக்குள் திரையிலிருந்து மறைய வேண்டும், அந்த இடத்தில் 'இணைப்பு இல்லை' என்று வர வேண்டும், மணி அடிக்க வேண்டும். மெயின் மீட்டரின் தகவல் நின்றால் டிமாண்ட் ஏறிவிட்டதாகவே எடுத்துக்கொண்டு, அவசரமில்லாத மோட்டார்களைக் கேட்வே நிறுத்த வேண்டும். கம்யூனிகேஷன் கேபிளைத் தனி டிரேயில், கிளை இல்லாமல், முனை ரெசிஸ்டர்களோடு உங்கள் செலவில் மறுபடி இழுத்துத் தர வேண்டும். ஒவ்வொரு டிரைவிலும் இணைப்பு அறுந்தால் என்ன நடக்க வேண்டும் என்பதை எங்கள் ஆட்களோடு உட்கார்ந்து பேசி அமைத்து, எழுத்தில் தர வேண்டும். ரெஜிஸ்டர் வரிசையைத் திருத்த வேண்டும். கடவுச்சொல்லும் முழு ரெஜிஸ்டர் பட்டியலும் சந்தா இல்லாமல் எங்கள் கைக்கு வர வேண்டும். பங்குனி மாதத்தில் டிமாண்ட் தாண்டியதற்குக் கட்டிய தொகையையும், டிரையரில் கெட்ட நெல்லின் விலை வித்தியாசத்தையும் நீங்கள் ஏற்க வேண்டும். மின்கட்டண ரசீது, கேட்வே பதிவின் நகல், கேபிள் டிரேயின் படங்கள், அந்த லாட்டின் அரவைக் கணக்கு எல்லாவற்றையும் இத்துடன் வைத்திருக்கிறேன்.

இவை முடியும் வரை கடைசித் தவணையை நிறுத்தி வைக்கிறோம். எந்தத் தேவைக்காக வாங்குகிறோம் என்பதை முன்கூட்டியே சொல்லி, விற்பவரின் அனுபவத்தை நம்பி வாங்கிய பொருள் அந்தத் தேவைக்குத் தக்கதாக இருக்க வேண்டும் என்று 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் 16ஆம் பிரிவு சொல்கிறது. டிமாண்டைக் கட்டுப்படுத்தத்தான் வாங்குகிறோம் என்பது உங்கள் விலைப்புள்ளியின் முதல் வரியிலேயே இருக்கிறது. 30 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் வழக்கறிஞர் மூலம் தொடர்வோம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அரவை கிடையாது. அன்று முழு மின்சாரத்தையும் நிறுத்தி வேலை செய்யலாம். கார் பருவ நெல் வரத் தொடங்குவதற்கு முன்பே ஆள் அனுப்புங்கள். கேட்வேக்கு நிரல் எழுதியவர் நேரில் வர வேண்டும். விற்பனைப் பிரதிநிதி மட்டும் வந்தால் பயனில்லை. எங்கள் எலக்ட்ரீஷியன் அன்று முழுவதும் உடன் இருப்பார்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
நிர்வாகப் பங்குதாரர்