தம்பி, ஆட்டத்தைப் பிள்ளைகளிடம் கொடு

அன்புள்ள தம்பிக்கு,

ஏற்காட்டில் வேலை என்றதும் குளிருக்குப் பயந்தாய், இப்போது தொண்டை கட்டிவிட்டது என்று போன் பண்ணுகிறாய். பாட்டுப் பாடினேன், குரல் மாற்றிக் கதை சொன்னேன், முகமூடி மாட்டிக்கொண்டுகூட வாய்ப்பாடு நடத்தினேன், அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்தவர்கள் மறுநாள் ஏழெட்டு எவ்வளவு என்றால் ஜன்னலைப் பார்க்கிறார்கள் அக்கா என்றாய். கோபித்துக்கொள்ளாதே, உன் வகுப்பில் விளையாடுவது நீ மட்டும்தான். பிள்ளைகள் வேடிக்கை பார்க்கிறார்கள்.

உற்சாகமான வாத்தியார் என்றால் துள்ளிக் குதிக்க வேண்டும் என்று யார் சொன்னது? கணக்குப் போடாமல் அடுத்த காயை நகர்த்தவே முடியாது என்கிற மாதிரி ஓர் ஆட்டத்தைக் கொடுத்துவிட்டு நீ ஓரமாக உட்கார்.

பல்லாங்குழியை எடுத்துக்கொள். பலகை வேண்டாம், தரையில் சாக்பீஸால் பக்கத்துக்கு ஏழாக 14 வட்டம், வட்டத்துக்கு 5 புளியங்கொட்டை, மொத்தம் 70. முதலில் சும்மா ஆடட்டும், நாலு சேர்ந்ததும் 'பசு' என்று எடுத்துக்கொள்ளட்டும், ஒன்றும் கேட்காதே. ஆட்டம் சூடு பிடித்ததும் நிறுத்திக் கேள்: ஒரு குழியில் 14 கொட்டை இருந்து, அதை அள்ளி அடுத்த குழியிலிருந்து ஒவ்வொன்றாக, எந்தக் குழியையும் விடாமல் போட்டுக்கொண்டே போனால் கடைசிக் கொட்டை எங்கே விழும்? கையால் தொடக் கூடாது, சொல்ல வேண்டும். கிளம்பிய குழியிலேயே விழும் என்று யாராவது ஒருத்தர் கண்டுபிடிப்பார்கள். அப்புறம் 15, அப்புறம் 30. முப்பதுக்கு விரல் விட்டு எண்ணுபவர்களை எண்ண விடு. இரண்டு சுற்றுக்கு 28 போய்விட்டது, மிச்சம் 2, அதனால் இரண்டாவது குழி என்று ஒருத்தி சொல்லும்போது, வகுத்தலில் மீதி எதற்கு என்று நீ கரும்பலகையில் அரை மணி நேரம் கத்திச் சொன்னது அவள் வாயிலிருந்தே வந்துவிடும்.

பஸ்ஸையும் விட்டுவிடாதே. சேலத்திலிருந்து மேலே வர 20 கொண்டை ஊசி வளைவு, உன் பிள்ளைகளுக்கு எண்ணோடு தெரியும். பத்தாவது வளைவு வந்தால் பாதி மலை ஏறிவிட்டோமா? ஆமாம் என்று பாதி வகுப்பு கத்தும். வளைவுக்கு வளைவு தூரம் ஒன்றா என்று மட்டும் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள். சேலம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500. வளைவுக்குச் சராசரியாக 61 மீட்டர் ஏற்றம் என்று கணக்குச் சொல்லும், வழியில் அப்படி இருக்கிறதா என்று சண்டை போடட்டும். 'சராசரி'யை நடத்த இதைவிட நல்ல சண்டை எனக்குத் தெரியாது.

ஒன்றே ஒன்று, தப்பாகச் சொன்னவர் 'அவுட்' என்று உட்கார வைக்கும் ஆட்டம் மட்டும் வேண்டாம். யாருக்குப் பயிற்சி அதிகம் வேண்டுமோ அந்தப் பிள்ளைதான் முதலில் வெளியே போய்ச் சுவரோரம் குந்தியிருக்கும்.

சாமான் கிழிந்துவிடும், தொலைந்துவிடும் என்ற பயமும் வேண்டாம். 2007 வாக்கில், அட்டைகளை வைத்துப் பிள்ளைகளே செய்து படிக்கிற செயல்வழிக் கற்றல் மாநிலம் முழுக்க வந்தபோது, அழகழகான அட்டைகளைப் பீரோவில் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டவர்கள் இருந்தார்கள். 2022-இல் சின்ன வகுப்புகளுக்கு 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தபோதும் சாமானைவிடப் பதிவேட்டுக்குப் பயந்தவர்களைப் பார்த்தேன். புளியங்கொட்டையை யாரும் தணிக்கை பண்ண மாட்டார்கள்.

வகுப்பு சந்தைக்கடை மாதிரி இருக்கிறதே என்று தலைமையாசிரியர் கேட்பார், கேட்கட்டும். உள்ளே கூப்பிட்டு ஒரு வட்டத்தில் உட்கார வைத்து, 30 கொட்டைக்கு எந்தக் குழி சார் என்று ஒரு பிள்ளையைக் கேட்கச் சொல்.

உன் வகுப்பில் 30 பேர், இரண்டு பேருக்கு ஓர் ஆட்டம் என்றால் 1,050 கொட்டை வேண்டும். வீட்டில் புளி அடித்தது இருக்கிறது, கழுவிக் காய வைத்திருக்கிறேன். சனிக்கிழமை கீழே இறங்கினால் பையோடு வா.

அக்கா