அழுகி வரும் பூக்கிழங்கு: எதற்குக் காசு கேட்கலாம், எதற்குக் கேட்கக் கூடாது

ஆசிரியர் அவர்கட்கு,

முகநூலிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் பூக்கிழங்கு வியாபாரம் சூடு பிடித்திருக்கிறது. கொழும்பிலிருந்தும் மலைநாட்டிலிருந்தும் கூரியரில் வருகிற பெட்டியைத் திறந்தால் கொஞ்சம் அழுகல், கொஞ்சம் சுருங்கல் என்று யாழ்ப்பாணத்துப் பூந்தோட்டக்காரர்கள் குறைப்படுகிறார்கள். இந்தக் குறைகளில் சில நியாயமானவை. சிலவற்றில் விற்றவர் மேல் ஒரு பிழையும் இல்லை. இரண்டையும் பிரித்தறியத் தெரியாததால்தான் ஏமாற்றுகிறவர் தப்பிவிடுகிறார், நேர்மையான வியாபாரி பேச்சு வாங்குகிறார்.

திருநெல்வேலிச் சந்தையில் விதை வெங்காயம் வாங்குகிறவர் கையில் எடுத்து, அமுக்கி, கழுத்தைப் பார்த்து, முகர்ந்த பிறகுதான் விலை பேசுவார். அதே ஆள் அமரிலிஸ் கிழங்குப் பெட்டி வந்தால் ஞாயிற்றுக்கிழமை பார்ப்போம் என்று அலுமாரிக்கு மேலே வைத்துவிடுவார். ஞாயிறு வருவதற்குள் காரியம் கெட்டுவிடும். கிழங்கு உயிருள்ள பொருள், மூச்சு விடுகிறது. காற்றுப் போகாத பொலித்தீன் பைக்குள் 400 கிலோமீற்றர் வெக்கையில் வந்தால் அது வியர்த்து, பைக்குள்ளேயே நனைந்துபோகும். அந்த ஈரத்தில் ஒரு சிறு கீறலே பங்கசுக்குப் போதும்.

ஆகவே வந்த அன்றே பிரியுங்கள். முகவரி ஒட்டியிருக்கும் பக்கம் தெரியப் பெட்டியை ஒரு படம் எடுங்கள். பிறகு எல்லாக் கிழங்குகளையும் அடிப்பக்கம் மேலே பார்க்கக் கவிழ்த்து அடுக்கி ஒரு படம். ஐயமுள்ள ஒன்றை நெடுக்காக வெட்டி, வெட்டுமுகத்தை ஒரு படம். இவ்வளவும் முடிந்த பிறகு நிழலில் பத்திரிகைத் தாளின் மேல் பரப்பிக் காற்றாட விடுங்கள். பழுத்த மாம்பழம், வாழைக்குலை இருக்கிற அறையில் வைக்க வேண்டாம். பழத்திலிருந்து வரும் எதிலீன் வாயு சில வகைக் கிழங்குகளுக்குள் இருக்கும் பூ மொட்டையே கருக்கிவிடும்.

அடிப்பக்கத்தைப் படம் எடுக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அமரிலிஸ், நிலச்சம்பங்கி, மழை லில்லி போன்ற வெங்காய வடிவக் கிழங்குகளுக்கு வேர் அடியில் உள்ள தட்டையான பகுதியான அடித்தட்டிலிருந்துதான் வரும். மேல் தோல் முழுக்க உரிந்து போனாலும் கிழங்கு பிழைக்கும். அடித்தட்டு அழுகினால் பிழைக்காது. பெருவிரலால் அடித்தட்டை அழுத்திப் பாருங்கள். கட்டியாக இருந்தால் நல்லது. மெதுமெதுவென்று உள்ளே போனாலோ, வெட்டிப் பார்க்கையில் தட்டிலிருந்து மேல்நோக்கிக் கபில நிறம் ஏறியிருந்தாலோ அது பியூசேரியம் என்ற பங்கசால் வரும் அடியழுகல். மூக்கைப் பொத்த வைக்கிற நாற்றமும் கூழ்போன்ற தசையும் என்றால் பக்றீரியா அழுகல். அதற்கு மருந்து கிடையாது. தண்ணீரில் மிதந்தால் கெட்ட கிழங்கு என்று சிலர் சோதிப்பார்கள். நன்றாகக் காய்ந்த நல்ல கிழங்கும் மிதக்கும், அந்தச் சோதனையை நம்ப வேண்டாம்.

இனி விற்றவரோடு சண்டை பிடிக்கக் கூடாதவை. தோல் கழன்றிருப்பது பழுது அல்ல. தோலின் மேல் நீலப் பச்சையாகத் தூள் போலப் பூத்திருக்கும் பூஞ்சணம் பெரும்பாலும் மேலோடு நின்றுவிடும், உலர்ந்த துணியால் துடைத்து உள்ளே கட்டியாக இருக்கிறதா என்று பார்த்தால் சரி. நிலச்சம்பங்கியில் காய்ந்த வேர் தொங்குவதும் கிளாடியோலஸில் முளை எட்டிப் பார்ப்பதும் இயல்புதான். கிளாடியோலஸின் நுனி முளை வழியில் முறிந்திருந்தாலும் பக்க முளையிலிருந்து செடி வரும். பூ சற்றுப் பிந்தும், அவ்வளவுதான். அமரிலிஸின் இலையிலும் கிழங்குச் செதிலிலும் சிவப்புக் கீறல்கள் வழிந்து புண்ணாகியிருந்தால் மட்டும் அது நோய். அதை மற்றச் செடிகளோடு சேர்த்து வைக்காதீர்கள்.

வகைக்கு வகை பழுது வேறு. டாலியாவின் கிழங்கு எவ்வளவு கொழுத்திருந்தாலும் தண்டோடு ஒட்டிய கழுத்தில் ஒரு கண் (முளை அரும்பு) இல்லாவிட்டால் முளைக்காது. கழுத்து முறிந்து தொங்கினால் அந்தக் கிழங்கு கணக்கில் இல்லை. கார்த்திகைப்பூவின் கிழங்கு இரண்டு கையாக வளைந்திருக்கும், கையின் நுனியில் ஒரேயொரு முளைப்புள்ளி. அந்த நுனி உடைந்தால் அந்தக் கைக்கு வேறு முளை வராது. சோக்குக்கட்டி போல இலகுவில் முறிகிற கிழங்கு அது, மரத்தூளுக்குள் புதைக்காமல் அனுப்புகிறவர் பொறுப்பில்லாதவர். ஆனால் நுனி முழுதாக இருந்து மாதக்கணக்கில் முளைக்காமல் கிடந்தால் அது உறக்கம். பழுது என்று எறிந்துவிடாதீர்கள். கொல்கிசின் உள்ள கொடிய நஞ்சுக் கிழங்கு என்பதால் உடைந்த துண்டுகளைக் கையுறையோடு பொறுக்குங்கள், பிள்ளைகளும் ஆடுகளும் எட்டாத இடத்தில் வையுங்கள். கலேடியம் இதற்கு நேர்மாறு: இரண்டாக உடைந்தாலும் ஒவ்வொரு துண்டிலும் கண் இருந்தால் இரண்டு செடி.

நிலச்சம்பங்கியில் நடக்கிற ஏமாற்று வேறு விதம். ஒரு கிழங்கு ஒருமுறைதான் பூக்கும். பிறகு சுற்றிலும் வருகிற குட்டிகள்தான் பூக்கும். பூத்து முடிந்த தாய்க்கிழங்கைப் பெரிய கிழங்கு என்று விற்கிறார்கள். நடுவில் காய்ந்த பூத்தண்டின் அடிக்கட்டை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதை வேண்டாம் என்று சொல்லுங்கள். 2 முதல் 3 சென்ரிமீற்றர் விட்டமுள்ள, தண்டுக்கட்டை இல்லாத குட்டியே வாங்கத் தக்கது. கிளாடியோலஸில் அகன்று தட்டையானதைவிட நடு உயர்ந்து தடித்தது இளமையானது. அதன் சுற்றளவு 10 முதல் 12 சென்ரிமீற்றராவது இருக்கட்டும். அமரிலிஸ் என்றால் 24 சென்ரிமீற்றருக்கு மேல். அளவு எழுதாமல் ‘பெரியது’ என்று மட்டும் போடுகிற விளம்பரத்துக்குக் காசு அனுப்பாதீர்கள்.

பாதி பழுதான அமரிலிஸைக் காப்பாற்றலாம். கத்தியை ஸ்பிரிட்டில் துடைத்து, அழுகலைக் கபில வளையம் ஒன்றுமில்லாத வெள்ளைத் தசை வரும்வரை வெட்டுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் மறுபடி துடைக்க வேண்டும். துடைக்காத கத்திதான் நோயை அடுத்த கிழங்குக்குக் கொண்டுபோகும். கப்டான் என்ற பங்கசுக்கொல்லியின் 50 வீதத் தூள் என்றால் லீற்றருக்கு 2 கிராம் கலந்து 20 நிமிடம் ஊற வைத்து, வெட்டுவாய் காயும்வரை இரண்டு மூன்று நாள் நிழலில் விடுங்கள். பொதியில் வேறு அளவு அச்சிட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள். அடித்தட்டில் மூன்றில் ஒரு பங்காவது நல்லதாக மிஞ்சினால் நடலாம். நடுக்குருத்து அழுகித் தட்டு மட்டும் நன்றாக இருந்தால் கிழங்கை நெடுக்காக எட்டுத் துண்டாக்கி, ஒவ்வொன்றிலும் தட்டின் ஒரு சிறு பகுதி இருக்கும்படி ஈரம் குறைந்த மணலில் செருகினால் செதில்களுக்கிடையே குட்டிகள் வரும். பூவுக்கு மூன்று வருடமாவது காத்திருக்க வேண்டும், அந்தப் பொறுமை எல்லோருக்கும் இராது.

காயம்பட்ட கிழங்கை ஐப்பசி, கார்த்திகை மழையில் நிலத்தில் வைப்பது அதைக் கொல்வதற்குச் சமம். மணலும் மக்கிய எருவும் சமமாகக் கலந்த சட்டியில், கிழங்கின் மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்கு மேலே தெரிய நட்டு, தாழ்வாரத்துக்குள் வைத்து, ஒருமுறை தண்ணீர் விட்டு, முளை தெரியும்வரை மறுபடி ஊற்றாமல் விடுங்கள். கரையோரத்து உவர்க் கிணற்றுத் தண்ணீரை இந்தக் கட்டத்தில் தவிர்த்து மழைத்தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் அதைப் பாவியுங்கள். பசளை வேண்டாம்.

ரியூலிப், ஹயசிந்த் கதை தனி. அவற்றுக்கு 5 முதல் 9 பாகை செல்சியஸ் குளிரில் 12 கிழமைக்கு மேல் இருந்தால்தான் பூத்தண்டு ஒழுங்காக நீளும். மார்கழி இரவிலும் 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிதான எங்கள் ஊரில் அது முற்றத்தில் நடக்காது. குளிர்சாதனப் பெட்டியில் வைத்து ஒருமுறை பூக்க வைத்தாலும் அடுத்த வருடத்துக்குக் கிழங்கு மிஞ்சாது. ‘யாழ்ப்பாணக் காலநிலைக்கு ஏற்ற ரியூலிப்’ என்று விளம்பரம் போடுகிறவரிடம் கிழங்கு முழுசாக வந்தாலும் காசைத் திருப்பிக் கேட்கலாம், ஏனென்றால் அந்த விளம்பரமே பொய்.

கேட்பது எப்படி? 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. பொருளைச் சோதித்துப் பார்க்க வாங்கியவருக்கு அது இடம் தருகிறது; நியாயமான காலத்துக்குள் வேண்டாம் என்று சொல்லாமல் வைத்திருந்தால் ஏற்றுக்கொண்டதாகவே அது கருதும். எனவே வந்து ஓரிரு நாளுக்குள் தொலைபேசியில் திட்டுவதை விட்டு எழுத்தில் அனுப்புங்கள்: வந்த திகதி, கேட்டது 10, நல்லது 6, அடியழுகல் 4, படங்கள் இணைப்பு, அந்த 4க்கு மாற்றுக் கிழங்கு அல்லது காசு. முழுப் பெட்டியும் கெட்டது என்று கூட்டி எழுதினால் நியாயமான கோரிக்கையும் எடுபடாது. பற்றுச்சீட்டுக் கேட்டால் வியாபாரி தர வேண்டும். மறுத்தாலும் இழுத்தடித்தாலும் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்குச் சொல்லலாம். பொருளை வாங்கிய நாளிலிருந்து 3 மாதத்துக்குள் எழுத்து மூல முறைப்பாட்டைக் கொடுக்க வேண்டும். முளைக்கட்டும் பார்ப்போம் என்று நான்கு மாதம் காத்திருக்கிறவர் அந்தக் கதவைத் தானே சாத்துகிறார்.

விற்கிறவர்களும் ஒன்றிரண்டு செய்யலாம். பொலித்தீனை விட்டுத் துளையுள்ள கடதாசிப் பெட்டியில், உலர்ந்த தும்புத்தூளில் அனுப்புங்கள். கிழங்கு கிண்டிய மாதத்தையும் சுற்றளவையும் எழுதுங்கள். வெள்ளிக்கிழமை பொதி செய்து சனி, ஞாயிறு கூரியர்க் களஞ்சியத்தில் கிடக்க விடாதீர்கள்.

கடைசியாக ஒன்று, இது வெங்காயச் செய்கையாளர்களுக்கும் சேர்த்து. கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வருகிற உறவினர் பயணப் பெட்டிக்குள் கிழங்கு கொண்டுவருவதும், அதையே சிலர் இங்கே விற்பதும் நடக்கிறது. அனுமதியும் தாவர சுகாதாரச் சான்றிதழும் இல்லாமல் அப்படிக் கொண்டுவருவது 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்துக்கு முரணானது. ரியூலிப்பையும் நார்சிசஸையும் தாக்கும் தண்டு-கிழங்கு வட்டப்புழு வெங்காயத்தையும் உள்ளியையும் தாக்கும். அழகுக்கு வளர்க்கும், வெங்காய இனத்தைச் சேர்ந்த அல்லியம் கிழங்கோடு வெள்ளையழுகல் நோய் வந்தால் அந்த நோய்ப் பங்கசின் சிறு உருண்டைகள் 20 வருடம்வரை மண்ணில் உயிரோடு கிடக்கும். உரும்பிராயிலும் இணுவிலிலும் செம்மண் தோட்டத்துக்கு நடுவே வீடுள்ளவர்கள் அழுகிய கிழங்கை எருக்கிடங்கில் போடவோ கிணற்றடியில் கழுவவோ வேண்டாம். படம் எடுத்து முறைப்பாடு அனுப்பிய பிறகு காயவைத்து எரித்துவிடுங்கள். என்ன நோய் என்று ஐயமிருந்தால் எரிக்க முன் ஒன்றைக் கடதாசியில் சுற்றி உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள். விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்திலும் கேட்கலாம்.

இப்படிக்கு,
பூச்செய்கையாளர் சிலர்,
கோப்பாய்.