மதெய்ராவுக்குப் போகிற மகளுக்கு

அன்பு மகளுக்கு,

லிஸ்பனில் பெலெம் பக்கம் எடுத்த படங்கள் வந்தன. கப்பல் முனை போல ஆற்றைப் பார்த்து நிற்கும் அந்த நினைவுச் சின்னத்துக்குக் கீழே நீ நிற்பதைப் பெரிதாக்கிப் பார்த்து, இளைத்துவிட்டாய் என்று அம்மா புலம்புகிறாள். நான் மேலே நிற்கிறவர்களைப் பார்த்தேன். 33 சிலைகள், அதில் பெண் ஒருத்திதான். முன்னால் கையில் சின்னக் கப்பலோடு நிற்பவர் இளவரசர் ஹென்ரிக். அந்த ஒரே பெண் அவருடைய தாய் பிலிப்பா. மாபெரும் கடலோடி என்று உலகமே ஹென்ரிக்கைக் கொண்டாடுகிறது. மனிதர் மொராக்கோவைத் தாண்டிக் கப்பலேறியதே இல்லை. பணம் போட்டவர், பங்கு வாங்கியவர். தோணிக் கம்பெனியில் கணக்கு எழுதியே காலம் தள்ளியவனுக்கு முதலாளி யார், தோணியை ஓட்டும் தண்டல் யார் என்று தெரியாதா?

அந்தச் சின்னமும் பழசு இல்லை. 1940-ல் சர்வாதிகாரி சலசார் ஆட்சியில் ஒரு கண்காட்சிக்காகத் தற்காலிகமாக எழுப்பியது. ஹென்ரிக் இறந்து 500 வருஷம் ஆனதென்று 1960-ல் நிரந்தரமாகக் கட்டினார்கள். அடுத்த வருஷமே அங்கோலாவில் போர் வெடித்தது, டிசம்பரில் கோவாவும் கையைவிட்டுப் போனது. நல்ல நேரம் பார்த்துத்தான் கட்டியிருக்கிறார்கள்!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். விடுமுறைக்கு, அட்லாண்டிக் கடலில் போர்ச்சுகலுக்குச் சொந்தமான மதெய்ராத் தீவுக்கு டிக்கெட் போட்டிருக்கிறாய் என்றாயே, அதற்காகத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் பாதியில் மீட்டிங் என்று வைத்துவிடுவாய்.

1498-ல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்தார், அங்கிருந்துதான் எல்லாம் தொடங்கியது என்று நாம் படித்தோம். எனக்கு அது ஒப்பவில்லை. அவர் வந்தபோது ஒத்திகை முடிந்து எழுபது, எண்பது வருஷம் ஆகியிருந்தது. ஒத்திகை நடந்த மேடைகளில் முக்கியமான ஒன்று நீ போகிற தீவு.

1419 வாக்கில் போர்த்துக்கீசியர் அங்கே இறங்கியபோது ஆள் அரவமே கிடையாது. பக்கத்தில் இருக்கிற சின்னத் தீவு போர்ட்டோ சாந்தோவை பெரெஸ்த்ரெலோ என்பவரிடம் ஒப்படைத்தார்கள். அவர் கொண்டுபோன முயலையும் அதன் குட்டிகளையும் தீவில் அவிழ்த்துவிட்டார். குட்டி பெருகிப் பெருகி, நட்டது விதைத்தது எதையும் மிச்சம் வைக்காமல் தின்று தீர்த்தது. குடியேறினவர்கள் கொஞ்ச காலம் தீவையே விட்டுவிட்டுப் போகவேண்டி வந்தது. சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு மண்ணில் புதிதாக எதையாவது கொண்டுபோய் விட்டால் என்ன ஆகும் என்று அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

பெரிய தீவு முழுக்கக் காடு. அதைக் கொளுத்தி நிலமாக்கினார்கள். முதலில் கோதுமை. அப்புறம் சிசிலியிலிருந்து கரும்புக் கரணை வந்தது, எல்லாமே மாறிப்போனது. கரும்புக்குத் தண்ணீர் வேண்டும். மழை பெய்வதோ தீவின் வடக்குப் பக்கம். மலைச் சரிவைக் குடைந்து, பாறையை வெட்டி, கையகல வாய்க்கால்களை இழுத்து வந்தார்கள். லெவாதா என்பார்கள். இன்றைக்கு அதன் ஓரமாக நடப்பதற்கென்றே சுற்றுலாக்காரர்கள் வருகிறார்கள், நீயும் நடப்பாய். நடக்கும்போது கொஞ்சம் குனிந்து அந்தப் பாறையைப் பார். பழைய வாய்க்கால்களை வெட்டியவர்களில் கேனரித் தீவுகளிலிருந்து பிடித்துவந்த குவாஞ்சே மக்களும், ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்த அடிமைகளும் உண்டு. சாறு காய்ச்சும் அடுப்புகள் மிச்சமிருந்த காட்டைத் தின்றன. 1500-ஐ ஒட்டி ஐரோப்பாவுக்கே சர்க்கரை அனுப்பிய தீவு, கொஞ்ச வருஷத்தில் விறகும் மண்ணும் தீர்ந்து சரிந்தது.

அதற்குள் முறை கைவந்துவிட்டது. கொலம்பஸ் இந்தத் தீவுக்குச் சர்க்கரை வாங்க வந்தவர். அந்த முயல்காரர் பெரெஸ்த்ரெலோவின் மகளைத்தான் கட்டிக்கொண்டார். 1493-ல் இரண்டாம் பயணத்தில் அவர் கரும்பையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார். 1530-களில் பிரேசிலைத் துண்டு துண்டாகப் பிரித்துத் தலைவர்களிடம் கொடுத்ததும் மதெய்ராவில் பழகிய ஏற்பாடுதான்.

அவர்களுடைய கடல் வித்தையை நான் குறைத்துப் பேசமாட்டேன். 1434-ல் ஜில் எயானெஸ் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் பொஜதோர் முனையைத் தாண்டினார். அந்தக் கரையில் காற்றும் நீரோட்டமும் தெற்கே தள்ளும். போவது சுலபம், திரும்புவதுதான் பாடு. கரையை ஒட்டி வடக்கே ஏறாமல், கரையையே விட்டு வடமேற்கே நடுக்கடலுக்குப் போய், அசோர்ஸ் தீவுகள் பக்கம் மேலைக்காற்றைப் பிடித்து லிஸ்பனுக்கு வரக் கற்றார்கள். ஊர் திரும்புவதற்காக ஊருக்கு எதிர்த்திசையில் பாய் விரிக்க எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! நம் தண்டல்கள் கேட்டிருந்தால் எழுந்து நின்றிருப்பார்கள். ஆனால் ட காமா நம் கடலில் அந்தப் பொறுமையைக் காட்டவில்லை. கிழக்கு ஆப்பிரிக்காவின் மலிந்தியிலிருந்து ஒரு மாதத்துக்குள் வந்தவர், காற்று மாறும்வரை காத்திராமல் ஆகஸ்டிலேயே திரும்பி, அரபிக்கடலைக் கடக்கக் கிட்டத்தட்ட மூன்று மாதம் தவித்தார். ஈறு வீங்கி ஆட்கள் செத்தார்கள்.

வித்தை எதற்குப் பயன்பட்டது என்பது அடுத்த கேள்வி. 1444 ஆகஸ்ட் 8-ம் தேதி, போர்ச்சுகலின் தென்கரையில் இருக்கிற லாகோஸ் ஊரில் 235 பேரை இறக்கினார்கள். இன்றைய மௌரித்தானியக் கரையில் ஊர் புகுந்து பிடித்தவர்கள். ஊருக்கு வெளியே ஒரு மைதானத்தில் நிறுத்திப் பங்கு பிரித்தார்கள். தாய் ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம். அம்மாக்கள் பிள்ளைகளை அணைத்தபடி தரையில் விழுந்து, அடி விழுந்தாலும் விடாமல் கிடந்தார்கள். இதை எழுதி வைத்தது எதிராளி இல்லை, ஹென்ரிக்கைப் போற்றிய அரசவை வரலாற்றாசிரியர் சுராரா. மனம் கலங்கி எழுதிவிட்டு, அவர்களுடைய ஆன்மா பிழைத்ததே என்று சமாதானமும் சொல்லிக்கொள்கிறார். ஹென்ரிக் குதிரைமேல் இருந்தபடியே தன் ஐந்தில் ஒரு பங்கை, 46 பேரை, வாங்கிக்கொண்டார். இப்படிப் பிடித்து அடிமையாக்குவதற்கு 1455-ல் போப்பாண்டவரின் ஆணையும் கிடைத்துவிட்டது.

நம் கடலுக்கு வந்து, தங்களிடம் அனுமதிச் சீட்டு வாங்காத கப்பலைப் பிடிப்போம், கொளுத்துவோம் என்று போர்த்துக்கீசியர் சொன்னபோது, அது ஏதோ திடீரென்று வந்த திமிர் என்று நான் வெகுகாலம் நினைத்திருந்தேன். பழகிய கை அது.

அதனால் மதெய்ராவுக்குப் போகும் முன்போ பின்போ, ஒரு சனி, ஞாயிறில் லாகோஸுக்கும் போய்வா. அடிமைச் சந்தை என்ற பெயரிலேயே ஒரு சின்ன அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். 2009-ல் அங்கே கார் நிறுத்துமிடம் கட்டத் தோண்டியபோது, நகரக் குப்பை கொட்டிய இடத்தில் ஆப்பிரிக்கர்களின் எலும்புக்கூடுகள் நூற்றைம்பதுக்கு மேல் கிடைத்தன. சிலருக்குக் கை கட்டியிருந்தது. கார் நிறுத்துமிடத்தையும் கட்டி முடித்துவிட்டார்கள்.

லிஸ்பனிலிருந்து ரயில் உண்டு; தூனெஷ் என்ற ஊரில் இறங்கி வண்டி மாறவேண்டும். ஒரு ராத்திரி தங்குகிற மாதிரி போ, அவசரமாக ஓடி வராதே. என்றைக்குப் போகிறாய் என்று முன்கூட்டியே சொல்.

அன்புடன்,
அப்பா